காற்றைக் குளிர்விக்கத் தண்ணீர் எதற்கு?

1989 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சோதனைப் பாதையைச் சுற்றிச் சுற்றி சுபாரு லெகஸி ஆர்எஸ் கார் பத்தொன்பது நாட்கள் இரவும் பகலும் ஓடியது. பெட்ரோல் போட, டயர் மாற்ற, ஓட்டுநர் இறங்கி அடுத்தவர் ஏற என்று மட்டும் நின்றது. மொத்தம் ஒரு லட்சம் கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 223.345 கி.மீ. அது உலக சாதனை ஆனது. டர்போ அழுத்தித் தரும் சூடான காற்றை எஞ்சினுக்குள் விடுவதற்கு முன் ஆற வைக்கும் கருவிக்கு இன்டர்கூலர் என்று பெயர். லெகஸி ஆர்எஸ் மாடலில் அந்த இன்டர்கூலர் தண்ணீரில் இயங்கியது.

மூன்றே ஆண்டுகளில் சுபாரு மனம் மாறியது. 1992-ல் வந்த இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் காரில் பானெட்டின் மேல் வாய் பிளந்தாற்போல ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியே பாயும் வெளிக்காற்று நேராக இன்டர்கூலரின் மேல் அடித்தது. தண்ணீர், பம்பு, ஹோஸ் எதுவும் கிடையாது. சுபாரு தண்ணீரிலிருந்து காற்றுக்கு வந்த அதே காலத்தில் டொயோட்டா காற்றிலிருந்து தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. செலிகா ஜிடி-ஃபோர் 1986-ல் பிறந்தபோது தண்ணீர். 1989-ல் வந்த அடுத்த தலைமுறையில் காற்று. அதே தலைமுறையில் ராலி வீரர் கார்லோஸ் சைன்ஸ் பெயரைத் தாங்கி வந்த 5,000 கார்களில் மறுபடி தண்ணீர். 1994-ல் வந்த தலைமுறையிலும் தண்ணீரே. சாலையில் விற்கும் காரில் இல்லாத முக்கியப் பாகத்தை ராலி காரில் பொருத்த விதி இடம் கொடுக்கவில்லை. அந்த 5,000 கார்கள் பிறந்த காரணம் அதுதான்.

உலக ராலி சாம்பியன் பட்டத்தை 1990-லும் 1992-லும் சைன்ஸ் செலிகாவில் வென்றார். 1993-ல் யுஹா கன்குனனும் 1994-ல் டிடியே ஓரியோலும் செலிகாவில் வென்றார்கள். 1995-ல் காலின் மெக்ரே இம்ப்ரெஸாவில் வென்றார். ஆக, ஒரே போட்டியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு எதிரெதிர் முடிவுகளும் கோப்பை வாங்கிக் கொடுத்திருக்கின்றன. ‘தண்ணீர்தான் உசத்தி’ என்றோ ‘காற்றுதான் உசத்தி’ என்றோ அடித்துப் பேசுகிறவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, காற்றை ஏன் குளிர்விக்க வேண்டும்? சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சென்னையின் மே மாதத்து 40 டிகிரிக் காற்றை டர்போ இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று ஏறத்தாழ 138 டிகிரியில் இருக்கும். சூடான காற்று விரிந்து கிடக்கும். அதே சிலிண்டருக்குள் குறைவாகவே அடங்கும். அதை 60 டிகிரிக்கு இறக்கினால் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும். பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்று அதிகம் சூடாக இருந்தால் பிளக் முழுதாக எரித்து முடிப்பதற்குள் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது அதைத்தான். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி அதைத் தவிர்க்கப் பொறியைத் தள்ளிப்போடும். ஓட்டுகிறவருக்குத் தெரிவதெல்லாம், ‘மதியத்தில் வண்டி பிக்அப் இல்லை, ராத்திரியில் பறக்கிறது’ என்பது மட்டும்தான்.

காற்று இன்டர்கூலர் என்பது ரேடியேட்டர் போலவே இருக்கும் ஓர் அலுமினியச் சட்டம். உள்ளே டர்போவின் சூடான காற்று, வெளியே சாலைக் காற்று. அதோடு கதை முடிந்தது. தண்ணீர் இன்டர்கூலரில் இடையில் ஒரு தரகர் வருகிறார். டர்போ காற்று தன் சூட்டைத் தண்ணீரிடம் கொடுக்கிறது. மின்சாரப் பம்பு அந்தத் தண்ணீரை பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஒரு தனி ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. அங்கே தண்ணீர் அதே சூட்டைச் சாலைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. கடைசியில் இரண்டிலும் வெப்பம் போய்ச் சேரும் இடம் ஒன்றே. சாலைக் காற்று 40 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே போக வழியே இல்லை. போதாக்குறைக்கு, ஒரு கைக்குப் பதில் இரண்டு கை மாறுவதால் வழியில் சில டிகிரி நஷ்டம் வேறு.

பிறகு தண்ணீரிடம் என்னதான் இருக்கிறது? சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பிடி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில், ஒரு லிட்டர் காற்றுக்கு ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூற்றில் ஒரு பங்கே போதும். இந்தப் பிடி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 110 கிராம் காற்றை இழுக்கும். அதை 70 டிகிரி குறைக்க வேண்டுமானால் எட்டு கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் இரண்டு கிலோவாட் கீசர்கள் நான்கை ஒன்றாகப் போட்டது போன்ற சூடு அது. சுற்றில் ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கிறது, முன்னால் உள்ள ரேடியேட்டர் எதுவும் செய்யவில்லை என்று கொண்டால்கூட, அந்தத் தண்ணீர் நொடிக்கு 0.4 டிகிரிதான் ஏறும். பத்து நொடியில் நான்கு டிகிரி. ஒரு நிமிடத்தில் இருபத்து மூன்று.

திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த ஆகும் நேரம் பத்து நொடிக்குள். அந்தப் பத்து நொடிக்குத் தண்ணீர் அசைந்துகூடக் கொடுக்காது. முந்திவிட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் அடுத்த சில நிமிடங்களில் ரேடியேட்டர் அந்த நான்கு டிகிரியை வெளியே தள்ளிவிடும். 402 மீட்டர் டிராக் பந்தயத்தில் தண்ணீர் இன்டர்கூலரை விரும்புவதும் இதனால்தான். அங்கே தொட்டியில் ஐஸ் கட்டியே போடுகிறார்கள். ஐந்து கிலோ ஐஸ் முழுதாக உருகுவதற்கு மட்டும், நம் எட்டு கிலோவாட் கணக்குப்படி, மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். பந்தயம் முடிய பதினைந்து நொடி போதும். வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றை எஞ்சினுக்குக் கொடுக்கும் வித்தை சாலைக் காரில் பலிக்காது, இப்படிப்பட்ட சூழலில்தான் பலிக்கும்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையின் கதை வேறு. ஒரு சுற்று 3.7 கி.மீ.; சாதாரணக் கார் சுற்றி வர இரண்டு நிமிடத்தைத் தொடும். நாலைந்து சுற்று தொடர்ந்து அழுத்தினால் தண்ணீரின் கையிருப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு முன்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டர் எவ்வளவு பெரியது என்பதே எல்லாம். சூடேறிய தண்ணீரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, சூடேறிய அலுமினியத்தைவிட அதிக நேரமும் ஆகும்.

நம் சாலையில் ஓடும் லாரிகளிடம் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. டாடா லாரி எஞ்சின்களின் பெயரில் ‘697 டிசிஐசி’ என்று வரும் எழுத்துகளில் டிசி என்றால் டர்போ, ஐசி என்றால் இன்டர்கூலர். நாமக்கல்லிலிருந்து கிளம்பி நாள் முழுக்கச் சுமை இழுக்கும் இந்த வகை வண்டிகளின் முகத்தில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது காற்று இன்டர்கூலர்தான். மணிக்கணக்கில் நீடிக்கும் சுமைக்கு ஐந்து லிட்டர் தண்ணீரின் பிடி எந்த மூலைக்கு? அதே அளவு நீடித்த சுமையைக் கப்பல் எஞ்சினுக்குக் கொடுத்தால் அங்கே தண்ணீர் இன்டர்கூலர் வந்துவிடுகிறது, ஏனென்றால் சுற்றிலும் கடல். தீர்ந்துபோகாத தண்ணீர் கையருகே இருந்தால் அதை யார்தான் விடுவார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகு, இன்றைய கார் நிறுவனங்கள் ஏன் தண்ணீரின் பக்கம் சாய்கின்றன என்ற கேள்வி எழும். இதற்கு விடை இடப் பற்றாக்குறை. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களிலேயே இது தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் பி-47 தண்டர்போல்ட் போர் விமானத்தில் டர்போ விமானியின் முதுகுக்குப் பின்னால், வால்பக்கமாக இருந்தது. முன்னால் நுழைந்த காற்று பெரிய குழாய்கள் வழியே பின்னால் போய், அழுத்தப்பட்டு, காற்று இன்டர்கூலரில் ஆறி, மறுபடி மூக்கில் இருந்த எஞ்சினுக்கு வந்தது. அந்தக் குழாய்களுக்கு இடம் கொடுத்தே விமானத்தின் உடம்பு குடம் போல் பருத்தது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் உடலோ ஒடிசல். 1942-ல் வந்த மார்க் 9 ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் இரண்டு கட்டமாகக் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர் சேர்ந்தபோது, ரோல்ஸ்-ராய்ஸ் பொறியாளர்கள் குளிர்விப்பானை எஞ்சினோடு ஒட்டவைத்துத் திரவத்தை மட்டும் இறக்கைக்கு அடியில் இருந்த ரேடியேட்டருக்கு அனுப்பினார்கள். கை தடிமன் குழாயில் காற்றைக் கொண்டுபோவதைவிட விரல் தடிமன் குழாயில் தண்ணீரைக் கொண்டுபோவது எளிது.

ஃபோக்ஸ்வேகனின் 1.4 டிஎஸ்ஐ எஞ்சினிலும், பிறகு நம் புணே அருகே சாகனில் தயாராகும் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினிலும் நடந்தது அதுவே. ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வேகன் டைகுன் கார்களின் பானெட்டைத் திறந்து பார்த்தால் இன்டர்கூலர் எங்கே என்று தேட வேண்டும். எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் வயிற்றுக்குள்ளேயே அதை வைத்துவிட்டார்கள். பிஎம்டபிள்யூவின் பி58 ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் அப்படியே. இதில் ஓட்டுகிறவருக்கு ஒரு நிஜ லாபம் உண்டு. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே பம்பர் வரை போய்த் திரும்பும் நீளக் குழாய் இல்லாததால், நிரப்ப வேண்டிய காற்று குறைவு. காலை அழுத்தியதும் வண்டி சட்டென்று கிளம்பும். குளிர்விப்பு அளவைக் கணினி கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது இன்னொரு வசதி.

குறைக்க வேண்டி வருமா என்று கேட்கலாம். வரும். ஃபோர்டு எஃப்-150 பிக்அப் வண்டியின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் காற்று இன்டர்கூலர் அளவுக்கு மீறி நன்றாகவே வேலை செய்தது. ஈரப்பதம் மிகுந்த வானிலையில் நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது உள்ளே நீர்த்துளிகள் சேர்ந்தன. ஓட்டுநர் திடீரென அழுத்தியதும் அந்தத் தண்ணீர் மொத்தமாக எஞ்சினுக்குள் போய், வண்டி திணறியது. புகார்கள் குவிந்ததால் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2013-ல் விசாரணை தொடங்கியது.

இனி நம் ஊருக்கு வருவோம். மாலை ஆறரை மணி, ஜிஎஸ்டி சாலை, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் நெரிசல். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி முனையில் மலிவான ப்ளூடூத் கருவி ஒன்றைச் சொருகி, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே போகும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். வண்டி நின்றதும் எண் ஏறும். பம்பருக்கு முன்னால் காற்றோட்டம் இல்லை. முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும் தார்ச்சாலையின் சூடும்தான் இருக்கின்றன. எஞ்சினின் தலைக்கு மேலேயே இன்டர்கூலர் உட்கார்ந்திருக்கும் பழைய ஸ்கார்பியோ போன்ற வண்டிகளில் கீழிருந்து எழும் அனல் வேறு சேரும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எண் மெதுவாக இறங்கும். தண்ணீர் வகையில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் மெதுவாக நடக்கும். நெரிசலில் தண்ணீருக்கே முதலிடம் என்று இதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் சிக்னலில் நிற்கும் காருக்கு எந்த இன்டர்கூலரும் தேவையில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த சிக்னல் வரை இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது டர்போவுக்கு வேலையே இல்லையே.

சோதனை வருவது மலைப்பாதையில். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு எழுபது. ஐந்து பேர், பின்னால் மூட்டை முடிச்சு, ஏசி, இரண்டாம் கியர். வேகம் முப்பதைத் தாண்டாது, ஆனால் டர்போ மூச்சுவிடாமல் உழைக்கும். தண்ணீரின் கையிருப்பு முதல் சில வளைவுகளிலேயே கரைந்துவிடும். காற்று வகைக்கு வேகக் காற்று கிடைக்காது. இரண்டுமே ரேடியேட்டர் விசிறியை நம்பித்தான் மிச்ச மலையை ஏற வேண்டும். அந்த நிலையில் கை மாற்றம் ஒன்று குறைவான காற்று வகைக்கே சற்று ஆதாயம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. வித்தியாசம் பெரிதாக இருக்காது; மேலே போய்ச் சேர்ந்ததும் டீ குடிக்கும் நேரத்தில் இரண்டும் ஆறிவிடும்.

கோவையிலும் சென்னையிலும் எஞ்சின் கணினியை ரீமேப் செய்துகொண்டு, அடுத்ததாக இன்டர்கூலரை மாற்ற வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால்தான் சங்கடமாக இருக்கிறது. காற்று இன்டர்கூலரோடு வந்த காருக்கு இறக்குமதித் தண்ணீர் செட் வாங்கிப் பொருத்துவது, அன்றாடம் ஓட்டும் வண்டியைப் பொறுத்தவரை, வீண் செலவு. பம்பு, அதற்கு ஒயரிங், தனித் தொட்டி, தனி ரேடியேட்டர், பத்துப் பன்னிரண்டு ஹோஸ் கிளிப் என்று சேரும் எடையும் கசியக்கூடிய இடங்களும் கொஞ்சநஞ்சமல்ல. பம்பு ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுபோனால் ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. வண்டி கொஞ்சம் மந்தமாகும். ‘பெட்ரோல் சரியில்லை’ என்று பங்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார். அதே பணத்தில் முன்புறத்தில் சற்றுத் தடித்த நல்ல காற்று இன்டர்கூலரைப் பொருத்தி, பம்பருக்கும் அதற்கும் இடையே உள்ள இடுக்குகளை ரப்பர் பட்டை வைத்து அடைத்தால் போதும். பல கார்களில் உள்ளே வரும் காற்று இன்டர்கூலரின் ஊடே போகாமல் ஓரமாக நழுவிவிடுகிறது. அதன் இறகுகளில் படிந்த தட்டான், ஈசல், மண் எல்லாவற்றையும் மென்மையான தண்ணீர்ப் பீய்ச்சலில் கழுவுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், காசு வேண்டாம்.

கூடுதல் திரவம் என்றால் கூடுதல் மறதி என்பதை அமெரிக்கா 1962-லேயே பார்த்துவிட்டது. விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் இன்டர்கூலரே கிடையாது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு தெளித்தார்கள். ‘டர்போ ராக்கெட் திரவம்’ என்று அதற்கு ஆடம்பரமாகப் பெயரும் வைத்தார்கள். வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல கார்களின் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்க வேண்டி வந்தது.

தொழிற்சாலையிலேயே தண்ணீர் இன்டர்கூலரோடு வந்த காரை வாங்கியவர்கள் பயப்படத் தேவையில்லை. அங்கே பம்பும் குழாயும் எஞ்சினோடு சேர்ந்தே வடிவமைக்கப்பட்டவை. குறை சொல்ல வேண்டியது விற்கிறவர்களை. காரின் விளம்பரத் தாளில் குதிரைத்திறன் இருக்கும், திரையின் அங்குல அளவு இருக்கும், கதவுக்குள் எரியும் விளக்கின் நிறம்கூட இருக்கும். எஞ்சினுக்குப் போகும் காற்றை எது குளிர்விக்கிறது, அதற்குத் தனிக் கூலன்ட் சுற்று உண்டா என்பது பெரும்பாலும் இருக்காது. குதிரைத்திறன் அளவீடே 25 டிகிரிக் காற்றை அடிப்படையாகக் கொண்டது. வேலூர்க்காரர் அந்த வெப்பநிலையை மார்கழியில்தான் பார்ப்பார். தண்ணீர் வகை என்றால் அந்தச் சுற்றின் கூலன்ட் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்துகொண்டே போனால், வெளியே ஒரு சொட்டும் தெரியாத நிலையில், மேனிஃபோல்டுக்குள் கசிந்து எஞ்சினுக்குப் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல இரண்டு வரி போதும்.

சொல்லாததால் வரும் குழப்பத்தை எந்த சர்வீஸ் சென்டரிலும் பார்க்கலாம். மலை ஏறி வந்து, வண்டியை நிறுத்திச் சாவியையும் எடுத்த பிறகு பானெட்டுக்குள் ஏதோ முனகிக்கொண்டே இருக்கிறது, பேட்டரி இறங்கிவிடுமோ என்று பதறிப்போய் வருகிறார்கள். எஞ்சின் நின்ற பிறகும் சில நிமிடங்கள் டர்போவையும் இன்டர்கூலரையும் சுற்றித் தண்ணீரை ஓட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன மின்சாரப் பம்பின் சத்தம் அது. சூடு தணிந்ததும் தானே நின்றுவிடும்.